பின்னால் வருகிறவருக்குக் கதவைப் பிடிப்பது: எவ்வளவு தூரம் வரை?

மூன்றாம்மாடி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலை பார்க்கும் கட்டிடத்தின் முன்வாசலில், தானாக மூடிக்கொள்ளும் கனமான கண்ணாடிக் கதவு ஒன்று இருக்கிறது. காலையில் அதைத் திறக்கும்போது பின்னால் யாராவது வந்துகொண்டிருப்பார்கள். ஒட்டிப் பின்னால் வந்தால் எனக்குக் குழப்பமே இல்லை. பிடித்துக்கொள்வேன், அவர் வருவார், ஆளுக்கொரு தலையசைப்பு, அவ்வளவுதான். அவர் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருக்கும்போதுதான் என்ன செய்வதென்று தெரிவதில்லை.

விட்டுவிட்டுப் போனால், அவர் வந்து சேரும் நேரத்தில் கதவு முகத்துக்கு நேரே சாத்திக்கொள்ளும். பிடித்துக்கொண்டு நின்றால், என்னைப் பார்த்ததுமே ஓடி வருகிறார். தோளில் பை, ஒரு கையில் போன், இன்னொரு கையில் குடை, அத்தனையையும் அள்ளிக்கொண்டு அரை ஓட்டமாக வந்து மூச்சு வாங்க "சாரி, சாரி" என்கிறார். உதவி என்று நினைத்துச் செய்யப்போய் ஒரு மனிதரை ஓடவும் விட்டு, மன்னிப்பும் கேட்க வைத்தாகிவிட்டது. இது எனக்கு உண்மையாகவே சங்கடமாக இருக்கிறது.

எவ்வளவு தூரம் வரை பிடிக்கலாம்? தள்ளுகிற கதவுக்கும் இழுக்கிற கதவுக்கும் முறை வேறா? கார்டு காட்டித் திறக்கும் கதவில் முன்பின் தெரியாத ஒருவர் பின்னாலேயே வந்தால் பிடிப்பதா, மூடுவதா? இதையெல்லாம் யாரும் நம்மை உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. பார்த்துப் பழகியதுதான். அதனாலேயே ஆளுக்கொரு விதமாகச் செய்கிறோம் என்று தோன்றுகிறது. யோசித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.


கீல்சத்தம் எழுதியது:

மூன்றாம்மாடி, வணக்கம். நான் கதவு வேலை பார்க்கிறவன். கட்டிடங்கள்ல டோர் குளோசர், அதாவது கதவைத் தானா மூட வைக்கிற கருவி, அதை மாட்டுறது, கழட்டுறது, செட்டிங் பண்றதுதான் என் தொழில். நாள் முழுக்க ஏதோ ஒரு வாசல்ல ஸ்க்ரூடிரைவரோட உட்கார்ந்திருப்பேன். அதனால ஜனங்க கதவுகிட்ட என்ன பண்றாங்கன்னு நிறையப் பார்த்திருக்கேன்.

ஒரு கதவைச் சரி பண்ணப் போனா முதல்ல அதுல இருக்கிற கறையைத்தான் பார்ப்பேன். கைப்பிடியைச் சுத்தி இருக்கிறது எல்லா கதவுலயும் இருக்கும், அதை விடுங்க. கதவோட ஓரத்துல, தோள் உயரத்துல, தனியா ஒரு வரிசை விரல் தடம் இருக்கும். அடுத்தவங்களுக்காகப் பிடிச்சு நின்னவங்க தடம் அது. திறக்கிறவங்க யாரும் அவ்வளவு மேல கை வைக்க மாட்டாங்க. அதே கதவுல கீழ, பாதம் படுற இடத்துல, கருப்பா ஷூ தேய்ஞ்ச கோடு இருந்தா, அந்த வழியா ரெண்டு கையிலயும் சாமான் வச்சுக்கிட்டு ஆளுங்க போறாங்க, அவங்களுக்குப் பிடிக்க யாரும் இல்லைன்னு அர்த்தம். மேல தடம் நிறைய இருக்கிற கதவுல கீழ கோடு குறைவா இருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே மனசுக்கு நிறைவா இருக்கும்.

தூரத்துக்கு வர்றேன். உங்க கதவுக்கு மேல ஒரு நீளப் பெட்டி இருக்கும், இல்லேன்னா தரைக்குள்ள புதைச்சிருப்பாங்க. அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கு. நீங்க திறக்கும்போது ஸ்பிரிங் இறுகுது. விட்டதும் அது கதவைத் திருப்பி மூடப் பார்க்குது. எண்ணெய் சின்ன துவாரம் வழியா மெதுவாத்தான் போக முடியும், அதனால கதவு அடிச்சுக்காம நிதானமா வருது. அந்தத் துவாரத்தைக் கூட்டிக் குறைக்கப் பெரும்பாலும் ரெண்டு திருகு இருக்கும். ஒண்ணு கதவு வீசி வர்ற வேகத்துக்கு, இன்னொண்ணு கடைசியில தாழ் விழுற அந்தக் கொஞ்ச தூரத்துக்கு.

அமெரிக்காவுல மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குக் கீழ வர்ற விதிமுறையில, 90 டிகிரி திறந்த கதவு 12 டிகிரிக்கு வந்து சேர குறைஞ்சது 5 வினாடி ஆகணும்னு போட்டிருக்கு. எந்தக் கதவா இருந்தாலும் நான் அதையே கணக்கா வச்சுக்கிறேன். சாதாரணமா நடக்கிற ஒருத்தர் 5 வினாடியில ஏறக்குறைய ஆறு மீட்டர் வருவார். மெதுவா நடக்கிறவங்க நாலு, நாலரை.

இதை வச்சுத்தான் சொல்றேன். ரெண்டு மூணு வினாடியில வந்து சேர்ற தூரம்னா, அதாவது மூணு நாலு மீட்டருக்குள்ளன்னா, நின்னு பிடிங்க. அவர் இருக்கிற நடையிலயே வந்து சேர்ந்துடுவார். அதுக்கு மேல ஆறேழு மீட்டர் வரைக்கும்னா நிக்காதீங்க. போற போக்குல கதவை நல்லா அகலமாத் தள்ளிவிட்டுட்டு நடந்துக்கிட்டே இருங்க. ஒழுங்கா செட் பண்ண கதவு அவர் வரும்போது இன்னும் முழுசா மூடியிருக்காது, பாதியில கை வச்சுத் தடுத்துக்குவார். கனமான கதவுல முதல் இழுப்புதான் கஷ்டம், அதை நீங்க அவருக்காகப் பண்ணிட்டீங்க. அவர் ஓடவும் வேண்டியதில்லை, உங்களுக்கு நன்றி சொல்லவும் வேண்டியதில்லை. அதுக்கும் தூரம்னா விட்டுடுங்க, அதுல ஒரு குறையும் இல்லை.

நான் பார்த்த வரைக்கும் அவரை ஓட வைக்கிறது பெரும்பாலும் உங்க பார்வைதான். கதவைப் பிடிச்சுக்கிட்டு அவரையே பார்த்தா, "உனக்காக நிக்கிறேன், சீக்கிரம் வா"ன்னு ஆயிடுது. ஒரு தடவை பார்த்து, வர்றாருன்னு தெரிஞ்சுக்கிட்டு, முகத்தை வேற பக்கம் திருப்பிட்டுச் சும்மா நில்லுங்க. அவர் நடந்தே வருவார்.

தள்ளுறது, இழுக்கிறது பத்திக் கேட்டீங்க. நிறையப் பேர் தப்பாப் பண்றது இதுலதான். இழுக்கிற கதவுன்னா திறந்து, கதவோட சேர்ந்து நீங்களும் ஒதுங்கி, மத்தவங்களை முன்னால விடுங்க. தள்ளுற கதவுன்னா நீங்க முதல்ல போயிடணும். அந்தப் பக்கம் போய்க் கதவுப் பக்கமா ஒதுங்கி நின்னு பிடிக்கணும். மரியாதைன்னு நினைச்சு இந்தப் பக்கமே நின்னுக்கிட்டு, கையை நீட்டித் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு "போங்க போங்க"ம்பாங்க. உங்க கையும் உடம்பும் பாதி வழியை அடைச்சிருக்கும். போறவர் தலையைக் குனிஞ்சு உங்க கைக்குக் கீழ நுழையணும். பெண்களுக்கு இது எவ்வளவு சங்கடம்னு வாசல்ல உட்கார்ந்து பார்க்கிற எனக்குத் தெரியும்.

பொதுக் கட்டிடத்துல வெளியே போற கதவு பெரும்பாலும் வெளிப்பக்கமா, தள்ளித் திறக்கிற மாதிரிதான் இருக்கும். அதனால உள்ளே வரும்போது இழுப்பீங்க, வெளியே போகும்போது தள்ளுவீங்க. அதாவது காலையில அவங்களை முன்னால விட்டு நீங்க பின்னால போகணும், சாயங்காலம் நீங்க முன்னால போகணும். இப்படி வெளிப்பக்கம் திறக்கிறதுக்குப் பின்னால பெரிய சோகம் இருக்கு. 1883ல இங்கிலாந்துல சண்டர்லாந்து ஊர் விக்டோரியா ஹால்ல குழந்தைகளுக்கான நிகழ்ச்சி முடிஞ்சதும் பரிசு வாங்க மேல்மாடத்துல இருந்து குழந்தைங்க கூட்டமா இறங்கி ஓடியிருக்காங்க. படிக்கட்டுக்குக் கீழ இருந்த கதவு உள்பக்கமாத் திறக்கிறது. ஒவ்வொருத்தராப் போகட்டும்னு ஒரு குழந்தை நுழையிற இடைவெளி மட்டும் விட்டுத் தாழ் போட்டிருந்தாங்க. முன்னால வந்தவங்க மேல பின்னால வந்தவங்க விழுந்து 183 குழந்தைங்க செத்துப்போச்சு. அதுக்கப்புறம்தான் கதவு வெளிப்பக்கம் திறக்கணும்ங்கிற சட்டமும், உடம்பால மோதினாலே திறந்துக்கிற பானிக் பாரும் வந்தது. அந்தக் கம்பியை மாட்டும்போதெல்லாம் நான் ஒரு தடவைக்கு நாலு தடவை தள்ளிப் பார்ப்பேன்.

இன்னொண்ணு, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். மாடிப்படிகிட்ட இருக்கிற தீத்தடுப்புக் கதவுக்கு, "எல்லோருக்கும் வசதியா இருக்கட்டும்"னு மரக்கட்டையோ மடிச்ச அட்டையோ முட்டுக் கொடுக்காதீங்க. தீப்பிடிச்சா படிக்கட்டுல புகை ஏறாம தடுக்கிறதே அது மூடியிருக்கிறதுதான். திறந்தே இருக்கணும்னா அதுக்குக் காந்தப் பிடிப்பு இருக்கு. அலாரம் அடிச்சதும் காந்தம் விட்டுடும், கதவு தானா மூடிக்கும். அதைப் போடச் சொல்லிக் கேளுங்க. ஆள் வரும்போது கையால பிடிச்சுட்டு விடுங்க, அது எந்தத் தொந்தரவும் இல்லை.


அளவுகோல் எழுதியது:

கீல்சத்தம் சொன்னதை ஆர்வத்துடன் படித்தேன். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாண்டமரியா, ரோசன்பாம் என்ற இருவர், வாசலில் வந்துபோகிறவர்களை வீடியோ எடுத்துப் பார்த்து 2011இல் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னால் வருபவர் கிட்டே இருந்தால் கதவைப் பிடிப்பவர்கள் அதிகம், தூரமாகத் தூரமாகக் குறைகிறது. இது நமக்கே தெரியும். ஒருவர் வருவதைவிட இரண்டு பேர் வந்தால் பிடிப்பவர்கள் கூடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. அவர்கள் தரும் விளக்கம் இது: ஆளாளுக்குத் திறந்து மூடுவதைவிட ஒருவர் பிடித்தால் எல்லோருடைய உழைப்பின் கூட்டுத்தொகை குறைகிறது, மனிதர்கள் அந்தக் கணக்கை யோசிக்காமலேயே போடுகிறார்கள்.

கதவு பிடிக்கப்பட்டவர்கள் நடையைக் கூட்டியதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூன்றாம்மாடி சங்கடப்படுவது இதற்குத்தான். நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிடிப்பவர் நின்று காத்திருக்கிறார், வருபவர் இரண்டு எட்டு விரைவாக வைக்கிறார். இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் செய்கிற காரியம் அது. எனக்காக ஒருவர் கதவைப் பிடித்தால் நான் விரைந்துதான் போவேன், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். கீல்சத்தம் சொல்வதுபோல அடுத்தவர் நடையே மாறக்கூடாது என்று பார்த்தால், அவருக்கும் ஒரு பங்கு இருப்பதை நாம் மறுப்பதாகிவிடும்.


ஊன்றுகோல் எழுதியது:

அளவுகோல், உங்கள் கருத்து விரைந்து நடக்க முடிந்தவர்களுக்குப் பொருந்தும். நான் இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் வைத்து நடக்கிறவள். தூரத்தில் ஒருவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், எனக்குள்ளும் அதே அவசரம் வரத்தான் செய்கிறது. ஈரத் தரையில் அந்த அவசரம் ஆபத்து. ஊன்றுகோலின் நுனியில் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். என்னைத் தாங்குவது முழுக்க அந்தக் கட்டைவிரல் அகல ரப்பர்தான். மழைநாளில் வழுவழுப்பான தரையில் அது ஒரு தடவை சறுக்கினால் போதும். ஆகவே என் நடை மாறாமல் பார்த்துக்கொள்கிறவரைத்தான் நான் நல்லவர் என்பேன்.

இதைவிட முக்கியமான ஒன்று சொல்ல வேண்டும். நான் கதவைத் திறப்பதற்கு எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். தோளையும் இடுப்பையும் கதவில் சாய்த்து, என் எடையைக் கொடுத்துத் தள்ளுவேன். அந்த நேரத்தில் கதவுதான் எனக்கு மூன்றாவது கால். நான் பாதி சாய்ந்திருக்கும்போது, உதவுவதாக நினைத்து அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் படக்கென்று கதவை இழுத்தால் நான் முன்னால் விழுவேன். விழுந்தும் இருக்கிறேன். இழுத்தவர் மிகவும் நல்ல மனிதர், பதறிப்போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் முழங்கை தேற நாளானது.

ஆகவே வாயைத் திறந்து கேளுங்கள். "பிடிக்கட்டுமா?" என்ற ஒரே வார்த்தை. "வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்" என்றால் நகர்ந்துவிடுங்கள், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "ம், பிடிங்க" என்றால் முழு அகலத்துக்குத் திறந்து, வழியில் நிற்காமல் கதவுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு ஒவ்வொரு விரல் அகலமும் கணக்கு. அந்த அமெரிக்க விதிமுறையிலேயே, கதவு திறந்த பின் குறைந்தது 815 மில்லிமீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதில் உங்கள் பாதமும் பையும் நின்றால் மீதி என்ன இருக்கும்?

அப்புறம், என் உடல் உள்ளே போனதும் கையை எடுத்துவிடாதீர்கள். என் ஊன்றுகோல்கள் எனக்குப் பின்னால்தான் வரும். கதவு திரும்பி வந்து அவற்றில் மோதுவது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. கடைசி ரப்பர் நுனி வாசலைக் கடக்கும் வரை பிடித்திருங்கள்.

பார்வையற்ற என் தோழி சொல்வதையும் சேர்த்துவிடுகிறேன். சத்தமில்லாமல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றால் அவளுக்கு எதுவும் தெரியாது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டினால் வெறும் காற்றுதான் இருக்கும், அது அவளைக் குழப்பும். "கதவைத் திறந்து பிடிச்சிருக்கேன், கதவு உங்க வலப்பக்கம் இருக்கு" என்று சொன்னால் போதும். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.


இரவுப்பணி எழுதியது:

நான் ஒரு கட்டிடத்துல செக்யூரிட்டி மேசையில இருக்கேன். கார்டு கதவு பத்தி மட்டும் சொல்றேன்.

தெரியாத ஆளுக்குப் பிடிக்காதீங்க. இதுல யோசிக்கவே வேண்டாம். திருடணும்னு வர்றவன் பூட்டை உடைக்க மாட்டான். கையில ரெண்டு பெட்டியைத் தூக்கிக்கிட்டு, நல்லா சட்டை போட்டுக்கிட்டு, உங்களுக்குப் பின்னாலயே சிரிச்ச முகத்தோட வருவான். கதவை அவன் முகத்துல அடிக்க உங்களுக்கு மனசு வராதுங்கிறது அவனுக்குத் தெரியும். உங்க நல்ல குணத்தை நம்பித்தான் அவன் வர்றதே.

இன்னொரு காரணம் இருக்கு, அதை யாரும் நினைக்கிறதில்லை. பல இடத்துல தீ அலாரம் அடிச்சா வெளியே எத்தனை பேர் வந்தாங்க, உள்ளே யார் மிச்சம்னு பார்க்க அந்தக் கார்டுப் பதிவையும் எடுப்பாங்க. கார்டு போடாம உங்க பின்னால வந்தவர் அந்தக் கணக்குலயே இருக்க மாட்டார். நிஜமாவே உள்ளே வேலை பார்க்கிறவரா இருந்தாலும், அவரைத் தேட ஒருத்தரும் போக மாட்டாங்க. அதனால அவர் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

எப்படிச் சொல்றதுன்னு தயங்குவீங்க. கதவை மூடுறதுக்கு முன்னாடி திரும்பி, முகத்தைப் பார்த்து, "தப்பா நினைக்காதீங்க, இந்தக் கதவுல ஆளுக்கு ஆள் கார்டு போடணும்"னு சொல்லுங்க. உள்ளவர்னா உடனே கார்டை எடுப்பார், கோபப்பட மாட்டார். கார்டு இல்லேன்னா "வாங்க, வரவேற்பு மேசைக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு கூடவே நடந்து வந்து எங்ககிட்ட விடுங்க. ரெண்டு நிமிஷம் ஆகும். கதவைப் பிடிக்கிறதை விட இது பெரிய உதவி, என்னைக் கேட்டா.

வெளியே போற பக்கம் இதெல்லாம் கிடையாது. வெளியே போறவருக்குத் தாராளமாப் பிடிங்க. ஆனா அந்த நேரம் பார்த்து வெளியில இருந்து யாரும் உள்ளே நுழையாம பார்த்துக்குங்க.


மூன்றாம்மாடி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஊன்றுகோல், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கதவில் சாய்ந்து தள்ளுகிறவர்கள் இருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. இனிமேல் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன்.

இன்னும் இரண்டு விஷயம் பாக்கி. பெண்களுக்கு மட்டும் ஆண்கள் பிடிக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, அதை என்ன செய்வது? நான் ஒரு பெண். சில ஆண்களுக்குப் பிடித்தால் அவர்கள் உள்ளே வராமல் கதவை என் கையிலிருந்து வாங்கி "நீங்க போங்க" என்கிறார்கள். இரண்டு பேரும் வாசலில் நின்று இழுபறி. பின்னால் வரிசை சேர்ந்துவிடுகிறது. அடுத்தது லிஃப்ட். அங்கேயும் இதே கணக்கா?

கீல்சத்தம், எங்கள் கதவு உண்மையிலேயே மிகவும் கனம். ஐந்து வினாடியெல்லாம் காத்திருக்காது. விட்டால் உடனே அடித்துக்கொள்ளும். ஓரத்தில் விரல் தடம் இருக்கிறதா என்று நாளைக் காலை பார்க்கிறேன்.


அளவுகோல் எழுதியது:

ஊன்றுகோல் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். விரைவது வருபவரின் விருப்பமாக இருக்க வேண்டும், அவர்மேல் நாம் சுமத்தக்கூடாது.

மூன்றாம்மாடியின் இழுபறிக்கு ஒரு விளக்கம் உண்டு. பர்டூ பல்கலைக்கழகத்தில் மெக்கார்ட்டி, கெல்லி என்ற இரண்டு உளவியலாளர்கள், ஓர் ஆண் வந்து கதவைப் பிடித்தால் உள்ளே போகிறவர்கள் எப்படி உணர்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். பெண்களிடம் பெரிய மாற்றம் இல்லை. ஆண்களிடம் தன்மதிப்பும் தன்னம்பிக்கையும் சற்றுக் குறைந்திருந்தன. தனக்கு இது பழக்கமில்லாத உதவி என்பதால், தன்னை இயலாதவனாகப் பார்க்கிறார்களோ என்ற எண்ணம் வந்துவிடுகிறது போலும். அதற்கு மருந்து பழக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். யார் முதலில் கதவை எட்டுகிறாரோ அவர் பிடிக்கட்டும். ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா, மேலதிகாரியா உதவியாளரா என்று பார்க்கவே வேண்டாம். நான் என்னைவிட வயதில் மூத்த பெண்மணி பிடித்தாலும் நன்றி சொல்லிவிட்டு நேராக உள்ளே போய்விடுவேன். வாசலில் நின்று மறுத்துக்கொண்டிருப்பதைவிட அதுதான் அவருக்குக் கொடுக்கும் மரியாதை.


கீல்சத்தம் எழுதியது:

நானும் அதையேதான் சொல்வேன். முதல்ல எட்டினவங்க பிடிக்கணும். அடுத்தவர் கையில இருந்து கதவைப் பிடுங்கிறது வேண்டவே வேண்டாம், அந்த இழுபறியில கீல் பக்கம் யார் விரலாவது மாட்டும். குழந்தை பக்கத்துல இருந்தா முதல்ல கீல் பக்க இடுக்கைத்தான் பார்க்கணும். கைப்பிடி பக்கத்தை விட அங்கதான் நசுங்கினா மோசமா நசுங்கும்.

லிஃப்டு வேற கணக்கு. வாசல்ல நீங்க செலவு பண்றது உங்க நேரத்தை. லிஃப்டுல உள்ளே இருக்கிற எல்லோரோட நேரத்தையும் சேர்த்துச் செலவு பண்றீங்க, அவங்களும் உங்களுக்குத் தெரியாதவங்கதான். அதனால ஆள் கண்ணுக்குத் தெரியணும், வந்துக்கிட்டு இருக்கணும், அப்படின்னா மட்டும் பிடிங்க. "நண்பர் இதோ வந்துடுவார்"னு நிறுத்தி வைக்கிறது சரியில்லை. கையையோ காலையோ நடுவுல விடாதீங்க. இப்போ வர்ற லிஃப்டுகள்ல கதவு ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை இருக்கும், குறுக்கே ஏதாவது பட்டா கதவு திரும்பத் திறக்கும். அதை நம்பி எல்லா லிஃப்டுலயும் கையை விடக்கூடாது, பழைய லிஃப்டுல அது இருக்காது. திறக்கிற பொத்தான் ஒண்ணு இருக்கு, அதை அழுத்திப் பிடிங்க. சில லிஃப்டுல ரொம்ப நேரம் தடுத்து வச்சிருந்தா சத்தம் போட்டுக்கிட்டே மெதுவா மூட ஆரம்பிச்சுடும். அப்போ விட்டுடணும்.

சுழல் கதவு பத்தி யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்லிடறேன். 1888ல பிலடெல்பியாவுல வான் கேனல்ங்கிறவர் அதுக்குப் பேடண்ட் வாங்கினதே காத்தும் பனியும் தூசியும் உள்ளே வராம தடுக்கத்தான். அதுல பிடிச்சு நிக்கிறதுங்கிற பேச்சே கிடையாது. அசையாம நிக்கிற சுழல் கதவைத் தள்ளி ஆரம்பிக்கிறதுதான் கஷ்டம், அதனால தெம்பா இருக்கிறவர் முதல்ல நுழைஞ்சு தள்ளணும், பின்னால வர்றவருக்கு அது தானா சுத்திக் கொடுக்கும். 1942ல பாஸ்டன்ல கோகோநட் குரோவ் இரவு விடுதி தீப்பிடிச்சப்போ முன்வாசல் சுழல் கதவுல கூட்டம் முட்டி அது அசையவே இல்லை. மத்த கதவுகள்ல சிலது பூட்டியிருந்தது, சிலது உள்பக்கமாத் திறக்கிறது. 492 பேர் இறந்தாங்க. சுழல் கதவுக்குப் பக்கத்துல வெளிப்பக்கம் திறக்கிற சாதாரணக் கதவும் இருக்கணும்ங்கிறது அதுக்கப்புறம் வந்த ஏற்பாடு. ஊன்றுகோல் மாதிரி இருக்கிறவங்களுக்கும், தள்ளுவண்டியில குழந்தையோட வர்றவங்களுக்கும் அந்தப் பக்கக் கதவுதான் வழி. நீங்க பிடிக்கணும்னா அந்தக் கதவைப் பிடிங்க.

இப்போ உங்க கதவு. கனமா இருக்கு, விட்டா அடிச்சுக்குதுன்னு சொல்றீங்களே, எனக்கு அதுதான் கவலை. அப்படிப்பட்ட கதவுல பிடிக்கிறவரும் கஷ்டப்படுவார், வயசானவங்க உள்ளேயே வர முடியாது. நான் முதல்ல சொன்ன விதிமுறையில, தீத்தடுப்புக் கதவு தவிர்த்த உள்கதவுகளைத் திறக்க 22.2 நியூட்டனுக்கு மேல விசை கேட்கக்கூடாதுன்னு இருக்கு, அதாவது ரெண்டேகால் கிலோ சுமை அளவு. வெளிக்கதவுக்குக் காத்தோட மல்லுக்கட்டணும், அதனால கொஞ்சம் கூடத்தான் வேணும். ஆனா உடம்பையே கொடுத்து இழுக்கிற மாதிரி இருந்தா அது சரியான செட்டிங் இல்லை.

நாளைக்குப் போகும்போது இதைப் பாருங்க. ஆள் நடமாட்டம் இல்லாதப்போ கதவை 90 டிகிரி திறந்து விட்டுட்டுப் போன்ல நேரம் பாருங்க. மேல இருக்கிற பெட்டிக்குக் கீழ, கதவு மேல எண்ணெய் வழிஞ்ச தடம் இருக்கான்னு பாருங்க. தரைக்குள்ள புதைச்ச வகைன்னா, மூடித் தகட்டைச் சுத்திப் பிசுபிசுன்னு இருக்கும். எண்ணெய் கசிஞ்சிருந்தா திருகைத் திருப்பி ஒண்ணும் ஆகாது, குளோசரையே மாத்தணும். கசியலைன்னா ரெண்டு திருகு திருப்புற வேலை, கால் மணி நேரம்கூட ஆகாது. நீங்களாத் திருப்பாதீங்க, திருகு முழுசா வெளியே வந்துட்டா எண்ணெய் பீச்சி அடிக்கும்.


மூன்றாம்மாடி எழுதியது:

பார்த்துவிட்டேன். மூன்று வினாடிகூட ஆகவில்லை. தரைத் தகட்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, தூசி ஒட்டிக்கிடக்கிறது. அதன்மேல்தான் இத்தனை நாளும் நடந்துபோயிருக்கிறோம். கதவின் அடியில் ஷூ தடம் நிறைய இருந்தது, மேலே ஓரத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்தக் கனத்துக்கு யார்தான் பிடித்து நிற்பார்கள்.

போட்டோ எடுத்துப் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஐந்து வினாடி, இரண்டேகால் கிலோ இரண்டையும் எழுதியிருக்கிறேன். புதிதாக மாட்டும்போது வேறென்ன கேட்க வேண்டும்?


கீல்சத்தம் எழுதியது:

கதவோட அகலத்தையும் எடையையும் அளந்து, அதுக்கு ஏத்த அளவு குளோசர் போடச் சொல்லுங்க. பெரும்பாலும் கையில இருக்கிறதை மாட்டிட்டுப் போயிடுவாங்க, அதுலதான் பாதிப் பிரச்சினை. வெளிக்கதவுங்கிறதால, காத்து அடிச்சா கதவு முழு வீச்சுல திறந்து சுவத்துல மோதாம தடுக்கிற வசதியும் இருக்கட்டும், பேக் செக்னு சொன்னா அவங்களுக்குப் புரியும். மாட்டி முடிச்சதும் கூட்டத்துல ரொம்ப மெலிஞ்சவங்க யாரையாவது கூப்பிட்டு ஒரு கையால திறந்து பார்க்கச் சொல்லுங்க. அவங்களால முடியலைன்னா கையெழுத்துப் போடாதீங்க.